இன்னும் ஓடும்

2024 மே 6, திங்கள்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. இன்றைக்கு உறையூர் லைன். பாதி மெடிக்கல்காரர்கள் சரக்கு இருக்கிறது என்று கையை விரித்துவிட்டார்கள். மருந்து ஏஜென்சிக்காரன் பிழைப்பு இதுதான். ஊருக்கு உடம்பு கெட்டால்தான் எங்களுக்கு ஆர்டர்.

திரும்பும்போது காவிரிப் பாலத்தில் வண்டி இரண்டு தடவை திக்கியது. மீட்டரில் பெட்ரோல் கோடு ஒன்றே ஒன்று, அதுவும் மினுக்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஓடும் என்று விட்டேன். ஓடியது. அம்மாமண்டபம் ரோடு தாண்டி, எங்கள் சந்துக்குள் நுழைந்து, வீட்டு வாசலில் வந்துதான் அணைந்தது. இதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. லிசியிடம் சொன்னால் புரியாது.

"டேங்க்கை நிரப்பிட்டா என்னங்க?" என்றாள், குரூப் ஃபோர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

அவளுக்கு என்ன தெரியும்? கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் இந்தச் சந்தில் இருக்கிறேன். அப்போதெல்லாம் ராத்திரி வண்டியை நிறுத்தினால், காலையில் டியூபைப் பிடுங்கிப் பெட்ரோலை உறிஞ்சியிருப்பார்கள். அதனால் அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்குப் போட்டுக்கொள்வோம். சந்தில் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. இப்போது கேமரா வைத்துவிட்டார்கள், வண்டியும் புது மாதிரி, அந்த டியூபே இல்லை. மற்றவர்கள் டேங்க்கை நிரப்ப ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஏன் மாறணும்?

மே 14, செவ்வாய்

சாவியைத் திருப்பினால் டேங்க்குக்குள் ‘ஙொய்ங்’ என்று ஒரு சத்தம் வருமே, அது இப்போது கொஞ்சம் நீளமாகக் கேட்கிறது. பிரமையோ என்னவோ.

மே 19, ஞாயிறு

கைலாசபுரம் போனோம், எங்கள் பையன் பிராங்க்ளினைப் பார்க்க. லிசி படிக்க வேண்டும் என்று அவனைப் போன ஜூனில் அவள் அக்கா வீட்டில் விட்டது. அக்கா வீட்டுக்காரர் அருள்நாதன் அங்கே ஃபேக்டரியில் வேலை. குவார்ட்டர்ஸைச் சுற்றி மரம், பூங்கா, பையன் நன்றாகத்தான் இருக்கிறான். ரொம்ப நன்றாக இருக்கிறான். லிசி கையை நீட்டினாள், அவன் பெரியம்மா பின்னால் போய் ஒளிந்துகொண்டான். பெரியம்மாவை ‘அம்மா’ என்று கூப்பிடுகிறான். அக்காவுக்கே சங்கடமாகப் போய்விட்டது.

அருள்நாதனுக்கு வடக்கே மாற்றல் வந்திருக்கிறது. ஜூலையில் கிளம்புகிறார்கள்.

சாயங்காலம் கிளம்பினோம். தென்னூர் வந்த பிறகு லிசி முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்: "இந்தத் தடவை வேலை கிடைக்கலேன்னா விட்டுர்றேங்க. இன்னொரு வருஷம் அவனை விட்டுட்டு இருக்க என்னால ஆகாது."

கிடைக்கும் என்றேன். மாதிரித் தேர்வுகளில் எல்லாம் நல்ல மார்க். இவளுக்குக் கிடைக்காமல் யாருக்குக் கிடைக்கும்?

மே 28, செவ்வாய்

காலையில் வண்டி கிளம்பவில்லை. சாவியை நாலைந்து முறை போட்டு எடுத்த பிறகு உயிர் வந்தது. பாலக்கரைக்குப் போய் அப்துல் ஹலீம் பாயிடம் காட்டினேன். வாயைத் திறந்தால் மூட மாட்டார். ஒரு கையில் ஸ்பானர், ஒரு கையில் டீ.

"அண்ணே, இது உங்க பழைய கார்புரேட்டர் வண்டி இல்ல. பம்ப் டேங்க்குக்குள்ளயே இருக்கு. பெட்ரோல்ல முங்கிக் கிடந்தாத்தான் அதுக்குக் குளிர்ச்சி. நீங்க எப்பப் பாத்தாலும் அடிமட்டத்துல ஓட்டுறீங்க. அது சூடாயி கதறுது."

ஒரு நாள் விட்டுவிட்டுப் போங்க, கழற்றிப் பார்க்கிறேன் என்றார். இப்போது முடியாது, மாசக் கடைசி, லைனுக்குப் போக வேண்டும். பரீட்சை முடியட்டும் என்றேன்.

"அப்ப அரை டேங்க்காச்சும் வச்சிருங்க."

தலையாட்டினேன். இவர் கடையில் எந்த வண்டிக்குத்தான் வியாதி இல்லாமல் இருந்திருக்கிறது?

ஜூன் 8, சனி

நாளைக்குப் பரீட்சை. சென்டர் காட்டூரில் ஒரு ஸ்கூல். லிசி ஹால் டிக்கெட், கறுப்புப் பேனா, தண்ணி பாட்டில் எல்லாவற்றையும் மேசையில் எடுத்து வைத்துவிட்டாள். ஒன்பது மணிக்கு கேட்டைச் சாத்திவிடுவார்கள்.

"வண்டி சரியா இருக்குல்ல? இல்லேன்னா ஆட்டோ சொல்லிரலாம்ங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. தினம் திருச்சி முழுக்கச் சுற்றுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? கத்திவிட்டேன். அவள், "பெட்ரோல் மட்டும் போட்டுருங்க" என்றாள்.

சாயங்காலம் போனேன். பங்க்கில் கூட்டம். திரும்பி வந்துவிட்டேன். "போட்டாச்சா?" என்றாள். போட்டாச்சு என்று சொல்லிவிட்டேன். இன்னொரு தடவை கேள்வி வேண்டாமே என்றுதான். காலையில் வழியில்தானே பங்க்.

ஜூன் 9, ஞாயிறு

எழுத முடியுமா தெரியவில்லை. எழுதினால்தான் தூங்க முடியும்.

நேரத்தோடுதான் கிளம்பினோம். ஊருக்குள் போகாமல் பைபாஸில் போனால் காட்டூர் சீக்கிரம். திருவானைக்கோவில் தாண்டிப் பங்க் வந்தது. காலியாக இருந்தது. நிறுத்தியிருக்கலாம். ஆனால் நிறுத்தினால் நேற்றுச் சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். ஒரு கோடு நிற்கிறது, காட்டூருக்கு இது போதும். திரும்பும்போது தனியாகத்தானே வருவேன், அப்போது போட்டுக்கொள்ளலாம்... நேராகப் போய்விட்டேன்.

பைபாஸ் பாலத்து நடுவில் வண்டி இழுத்தது, திக்கியது, நின்றது. கீழே காவிரி, மேலே லாரிகள். அங்கே பஸ் நிற்காது, ஆட்டோ வராது.

முதலில் வண்டியை இடது பக்கமாகச் சாய்த்தேன். பழைய வண்டியில் அப்படிச் செய்தால் அந்தப் பக்கம் தங்கின பெட்ரோல் இந்தப் பக்கம் வந்து, பங்க் வரை ஓடும். சாய்த்தேன், ஆட்டினேன். மூடியைத் திறந்து ஊதினேன். சாவியைப் போட்டால் அந்த ‘ஙொய்ங்’ சத்தமே இல்லை. டேங்க்கில் பெட்ரோல் தளும்புவது கேட்கிறது. இருக்கு! பெட்ரோல் இருக்கு! அப்புறம் ஏன்டா கிளம்ப மாட்டேங்கிற?

"வாங்க, நடந்துரலாம். பாலத்தைத் தாண்டினா சஞ்சீவி நகர்ல ஆட்டோ நிக்கும்" என்றாள் லிசி.

"ரெண்டே நிமிஷம்."

அப்போது மொபெட்டில் ஒருவர் நிறுத்தினார். வயதானவர், ஹேண்டில்பாரில் டிபன் கேரியர். "பரீட்சைக்காம்மா? நான் காட்டூர்தான் போறேன், ஏறிக்கம்மா. சார் வண்டியைப் பாத்துக்கிட்டு மெதுவா வரட்டும்."

லிசி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

நான் சொன்னேன்: "வேண்டாம் சார், இப்பக் கிளம்பிரும்."

ஏன் சொன்னேன்? அவர் லிசியைப் பார்த்தார். லிசி என்னைப் பார்த்தாள். நான் வண்டியைப் பார்த்தேன். அவர் போய்விட்டார்.

வண்டி கிளம்பவில்லை. பிறகு அவளே நடக்க ஆரம்பித்தாள், பிறகு ஓட. நான் வண்டியை அங்கேயே போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். சஞ்சீவி நகரில் ஆட்டோ கிடைத்துப் போய் இறங்கியபோது கேட் சாத்திக் கிடந்தது. வெளியே எங்களைப் போல இன்னும் சிலர். ஒரு பெண் கைக்குழந்தையைக் காட்டிக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். போலீஸ்காரம்மா, "எங்க கையில ஒண்ணும் இல்லம்மா" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். லிசி கெஞ்சவில்லை, அழவில்லை. எதிர் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். மணி அடித்தது. அவள் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள்.

"பம்ப் போயிருச்சு லிசி. பெட்ரோல் இருந்துச்சு. நீயே கேட்டேல்ல, தளும்புற சத்தம்? பம்ப் போனா யாரு என்ன பண்ண முடியும்?"

"ஆமாங்க" என்றாள்.

ஜூன் 10, திங்கள்

காலையில் எழுந்து இட்லி ஊற்றினாள். சட்னி போதுமா என்று கேட்டாள். திட்டினால் தேவலை.

ஜூன் 13, வியாழன்

நாலு நாளாக எல்லோரிடமும் ஒரே கதை: ‘பம்ப் போயிருச்சு, நம்ம நேரம்.’ ஏஜென்சியில் சொன்னேன், அக்காவிடம் போனில் சொன்னேன், சர்ச்சில் ஃபாதரிடமும் சொன்னேன். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். நானும் நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

இன்றைக்கு ஹலீம் பாய் பம்பைக் கழற்றிக் கையில் கொடுத்தார். கருகின வாடை. அடியில் இருந்த வடிகட்டியில் செம்மண் மாதிரி கசடு. "வண்டியைச் சாய்ச்சு ஆட்டினீங்களாண்ணே? அடியில கிடந்தது பூரா இதுல வந்து அடைச்சிருக்கு. கொஞ்ச நஞ்சம் மூச்சு இருந்திருந்தா அதுவும் போயிருக்கும்." அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். வழக்கமாக எதிர்த்து ஏதாவது சொல்வேன். இன்றைக்கு அந்தக் கசடை விரலால் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து லிசியிடம் சொல்லிவிட்டேன். முந்தின நாள் நான் பெட்ரோல் போடவில்லை, பொய் சொன்னேன் என்று. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்ங்க. பங்க்கைத் தாண்டும்போதே மீட்டரைப் பாத்தேன்."

"பாத்தியா? அப்பவே சொல்லியிருக்கலாமே! நிறுத்துங்கன்னு ஒரு வார்த்தை..."

"சொன்னா கத்துவீங்க. பரீட்சைக்குப் போற நேரத்துல எதுக்குன்னு இருந்துட்டேன்." சட்டையை மடித்து அடுக்கில் வைத்தாள். "அந்த மொபெட்காரர் வண்டியில ஏறியிருக்கணும். ஏறாததுக்கும் அதே பயம்தான்."

குரலில் கோபமே இல்லை. யாருடைய கதையையோ சொல்கிற மாதிரி சொன்னாள். அடிப்பாவி, ஒரு வருஷப் படிப்பு, பெத்த பிள்ளையை விட்டுட்டு ஒரு வருஷம்... எல்லாம் நான் கத்துவேன்னா? நான் அப்படியா கத்துறேன்?

கத்துகிறேன்தான்.

ஜூன் 30, ஞாயிறு

பிராங்க்ளினை அழைத்துவந்துவிட்டோம். பெரியம்மா வேண்டும் என்று அழுதே தூங்கினான். லிசி பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள், தொடவில்லை. தொட்டால் இன்னும் அழுகிறான்.

ஜூலை 15, திங்கள்

லிசி தில்லைநகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனுக்குச் சேர்ந்தாள். என் லைன் அந்தப் பக்கம்தான், விட்டுவிட்டுப் போகிறேன் என்றேன். "பஸ் வாசல்லயே நிக்குதுங்க" என்றாள். வாசலில் நிற்காது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும்.

அக்டோபர் 28, திங்கள்

குரூப் ஃபோர் ரிசல்ட். டி.வி.யில் ஓடியது. பிராங்க்ளினுக்கு கார்ட்டூன் வேண்டுமாம் என்று லிசி சேனலை மாற்றினாள். அவன் கேட்கவே இல்லை.

2025 பிப்ரவரி 3, திங்கள்

இப்போதெல்லாம் பாதி டேங்க்குக்குக் கீழே இறங்க விடுவதில்லை. கத்துவதும் குறைந்திருக்கிறது, எனக்கே தெரிகிறது. போன வாரம் லிசி பால் பொங்கவிட்டு, சட்டென்று திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் அடுப்பை அணைத்தேன், அவ்வளவுதான். ஆனாலும் பார்த்தாளே.

ஜூலை 11, வெள்ளி

சாயங்காலம் வந்தபோது லிசி கையில் பையோடு நின்றாள்.

"நாளைக்குப் பரீட்சைங்க. குரூப் ஃபோர். ராத்திரி ஜஹானாரா வீட்ல தங்கிக்கறேன். சென்டர்ல இருந்து அவ வீடு நடக்கிற தூரம்."

ஜஹானாரா அவளோடு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிற பெண். காட்டூர்க்காரி. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எப்போது அப்ளிகேஷன் போட்டாள்? எப்போது படித்தாள்? புத்தகங்களைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டாள் என்றல்லவா நினைத்திருந்தேன். ஜஹானாரா வீட்டில்தான் இருந்ததாம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் பஸ்ஸிலும் படித்தாளாம். ஒரு வீட்டில் இருந்துகொண்டு, ஒரு வருஷமாக, எனக்குத் தெரியாமல்.

"எங்கிட்ட சொல்லலையே?"

"சொல்லணும்னுதான் இருந்தேங்க."

"காலையில நான் கொண்டு விடறேன் லிசி. வண்டி நல்லா இருக்கு."

"நல்லாத்தான் இருக்குங்க. நீங்க பையனைப் பாத்துக்கங்க, போதும்."

பெரிய பாரம் ஒன்றை இறக்கி வைத்த மாதிரி அவள் முகம் இருந்தது. என்னிடம் சொல்லிவிட்டது அவளுக்கு அவ்வளவு பெரிய வேலையாக இருந்திருக்கிறது. நல்லா எழுது என்றேன். சரிங்க என்றாள்.

ஜூலை 12, சனி

காலையிலிருந்து மழை வரக் கூடாது, ஜஹானாரா தூங்கிவிடக் கூடாது என்று இதே வேண்டுதல். பிராங்க்ளினுக்குத் தோசை கருகிவிட்டது. மத்தியானம் அவனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தே போனேன்.

சத்திரம் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். காதில் போன். "சூப்பரா எழுதியிருக்கேன்டி! கணக்கு பூரா வந்துருச்சு. தமிழ்ல ஒண்ணே ஒண்ணுதான் சந்தேகம்..." வாய்விட்டுச் சிரித்தாள். இந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாகிறது. பஸ் நகர்ந்த பிறகு எங்களைப் பார்த்தாள். "அப்புறம் பேசறேன்டி" என்று போனை வைத்தாள், சிரிப்பையும் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"எப்படி எழுதினே?"

"பரவால்லைங்க."

பிராங்க்ளின் ஓடிப்போய் அம்மா என்று காலைக் கட்டிக்கொண்டான். அவனைத் தூக்கிக்கொண்டாள். பையை நான் வாங்கிக்கிறேன் என்று கையை நீட்டினேன். "லேசாத்தாங்க இருக்கு" என்று தோளிலேயே வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.