கூச்சம் கொன்ற அண்ணிக்கு

என் பிரியமான சகுந்தலா அண்ணி,

நாத்தனாரும் அண்ணியும் ஒரே கம்பெனியில், ஒரே மேசையில் வேலை பார்த்தும் சண்டை வராததைப் பார்த்து மூக்கண்டப்பள்ளியே வயிறெரிந்ததே, நினைவிருக்கிறதா? உங்கள் இடத்தில் இப்போது குருபரப்பள்ளிப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். நல்ல பெண்தான். இருந்தாலும் எனக்கு எரிச்சலாக வருகிறது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கும் மார்பில் கட்டி. ஊசியால் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். நாளைக் காலை கிருஷ்ணகிரி பெரிய ஆஸ்பத்திரியில் முடிவு.

போன வாரம் கம்பெனியில் பெண்களுக்கு மருத்துவ முகாம் போட்டார்கள். என் முறை வந்ததும் கால் தானாகப் பின்னால் போனது. "நாச்கோபேடிம்மா" என்றார் கன்னட நர்ஸ், வெட்கப்படாதீங்கம்மா என்று. அது வெட்கம் இல்லை அண்ணி, கூச்சம். புளிப்புக்குப் பல் கூசுகிறது, வெயிலுக்குக் கண் கூசுகிறது, பொய் சொல்ல நாக்குக் கூசுகிறது. பேசு என்பதிலிருந்து பேச்சு வந்ததுபோல, கூசு என்பதிலிருந்து கூச்சம். ஆகாத ஒன்று மேலே பட்டால் உடம்பு சட்டென்று பின்வாங்குகிறதே, அதற்குத்தான் அந்தச் சொல் முதலில் பிறந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. மனசுக்கு வந்தது பிறகாகத்தான் இருக்கும். நம்மைக் காப்பாற்ற வந்த சொல், டாக்டரின் கையைக் கண்டும் ஏன் பின்வாங்கச் சொல்கிறது?

உங்கள்மேல் எனக்குக் கோபம். இரும்புத் துண்டுகளின் ஓரத்தை விரலால் தடவிப் பிசிறு பார்ப்பதுதானே நம் வேலை? கண்ணுக்கே தெரியாத பிசிறு உங்கள் விரலுக்குத் தட்டுப்படும். நீங்கள் பார்த்துச் சரி என்று அனுப்பியதை வேறு யாரும் திருப்பிப் பார்க்க மாட்டார்கள். அந்த விரலுக்கு உங்கள் மார்புக் கட்டியா தெரியாமல் இருந்திருக்கும்? அதை மட்டும் ஏன் நல்ல சரக்கோடு சேர்த்து அனுப்பினீர்கள்? எங்களிடம் முதுகு வலி என்றீர்கள். அண்ணனும் அதை நம்பி முதுகுக்குத் தைலம் தேய்த்தார். கட்டி புண்ணாகி உடைந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது; அதற்குமேல் உங்களைக் காப்பாற்ற முடியவில்லை.

முகாம் முடிந்து வந்த அன்று அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னேன்.

"அண்ணா, எனக்கு மார்ல கட்டி இருக்குது."

அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. எழுந்து போய்விடுவாரோ என்று பயந்தேன்.

"அவளும் இப்பிடி ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல? நான் என்னா வேத்தாளா?" என்று அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஆஸ்பத்திரிக்கு என்னிக்கு வரச் சொன்னாங்க? வண்டியில கூட்டிக்கினு போறேன்" என்றார்.

நாளைக்கும் அவர்தான் வருகிறார். முடிவு எப்படி இருக்குமோ, எனக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் திட்டியே தைரியம் கொடுத்திருப்பீர்கள்.

ஆனால் ஒன்று மட்டும் சத்தியம் செய்கிறேன். நல்லதோ கெட்டதோ, உங்கள் மகள் கவிதாவை அடுத்த வாரமே டாக்டரிடம் கூட்டிப்போவேன். அவள் கூசுவாள், உங்கள் மகள்தானே. கூசட்டும். அவள் கையை நான் விட மாட்டேன்.

உங்கள் கையை விட்டுவிட்ட நாத்தனார்,
செல்வி