தாய்மாமன் முட்டி

ஆடி 20, செவ்வாய்
ஆடிக் காற்று. ஆலங்குடி முழுக்கப் புழுதி. வலது முட்டி வீக்கம். இன்றும் லீவு.

எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சொன்னது: தேய்மானம். பஸ் கண்டக்டர் நான், எனக்கா தெரியாது? ஓடினால் தேயும், ஓடாமல் வைத்தால் மிஞ்சும், டயர் மாதிரி. ஆகவே நாள் முழுக்கக் கட்டில். தண்ணீர்கூட மனைவி மலர்தான் கொண்டுவந்தாள், ஒரு முறைப்போடு.

சாயங்காலம் தங்கச்சி செல்வி போன். ஆவணி 22 பாப்பாவுக்குக் காது குத்து. "தாய்மாமன் மடியில வச்சுல்ல குத்தணும், ஒனக்கு முடியுமாண்ணே? இல்லாட்டி பெரியப்பா மகன் குமாரண்ணன ஒக்காரச் சொல்லவா?"

நான் உயிரோடு இருக்கும்போது குமாரா? நல்லாருக்கே கதை! "நான்தான் ஒக்காருவேன், போனை வை."

பிறகு தரையில் சம்மணம் போட்டுப் பார்த்தேன். எழ முடியவில்லை. மலர் தூக்கிவிட்டாள். அழுகை வந்தது.

ஆடி 23, வெள்ளி
புதுக்கோட்டை. பிசியோ டாக்டரம்மா. டயர் கணக்கோடு, கட்டிலை விட்டு இறங்குவதே இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"தேஞ்சிரும்னு காலை ஆட்டாம வச்சிருந்தீங்களா? நல்ல ஆளுங்க நீங்க! முட்டி என்ன டயரா? நடக்காட்டி தொடைச்சதை சூம்பிரும். அப்புறம் மொத்த பாரமும் முட்டிக்குத்தான்."

பத்திரப்படுத்துகிறேன் என்று கெடுத்திருக்கிறேன். தேய்மானமாம். அந்தப் பேரை எவன் வைத்தானோ!

காது குத்து பற்றிக் கேட்டேன். "இப்போதைக்குத் தரை வேணாம். சேர்ல ஒக்காருங்க. கையை ஊனாம எந்திரிக்கப் பழகுங்க."

சேரா? மானம் போகும்.

செய்ய வேண்டியவை: காலை நீட்டித் தொடையை இறுக்குதல். கை ஊன்றாமல் எழுதல். நடை, கொஞ்சம் கொஞ்சமாக. தொப்பையைக் குறைத்தல் (பட்டியலில் மலர் சேர்க்கச் சொன்னது).

ஆவணி 3, செவ்வாய்
தூறல். முட்டிக்குள் மொறமொற. தைல நாற்றம் தாங்கவில்லை என்று மலர்.

கை ஊன்றாமல் பாதி எழுந்தேன், பொத்தென்று விழுந்தேன். மலர்: "சேரை ஒடைச்சிராதீங்க." மறுபடி. மறுபடியும் பொத். விடப்போவதில்லை.

ஆவணி 13, வெள்ளி
டியூட்டிக்குத் திரும்பினேன். ஏற நல்ல கால் முதலில், இறங்க வலிக்கிற கால் முதலில். படியில் ஏறும்போதே உள்ளிருந்து ஒரு பெண் குரல்: "பழைய கண்டக்டரு வந்துட்டாருடி, இனி உள்ள போ உள்ள போன்னு உசுரை எடுப்பாரு."

சந்தோஷமாக இருந்தது.

ஆவணி 22, ஞாயிறு
கோயில். நல்ல வெயில். எல்லாருக்கும் ஜமுக்காளம், எனக்கு மட்டும் சேர். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர்: "தாய்மாமன் சேர்லயா ஒக்காருவான்?"

செல்வி விடவில்லை. "எங்கிட்டு ஒக்காந்தா என்ன மாமா, எங்கண்ணன் மடிதானே?"

ஆசாரி ஊசியை எடுத்ததும் பாப்பா வீறிட்டாள். இரண்டாவது காது முடிவதற்குள் என் சட்டையெல்லாம் கண்ணீரும் எச்சிலும். "குடுண்ணே, நான் வாங்கிக்கிறேன்," என்று செல்வி கையை நீட்டினாள்.

கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் பாப்பாவை அணைத்தபடி எழுந்தேன். வலித்தது, எழுந்தேன். பிரகாரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, அவள் அழுகை நின்ற பிறகுதான் கொடுத்தேன்.