அம்மாவைப் பற்றிய ஒப்படை

புரட்டாதி 9, செவ்வாய்

உளவியல் டிப்ளோமா வகுப்பின் ஒப்படையை நாளை கொடுக்க வேண்டும். இழப்பைச் சந்தித்த ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். பெயரை மாற்றி அம்மாவைப் பற்றி எழுதினேன். அப்பாவைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பதினாறு வருடமாகியும், ஒரு தகவலும் இல்லாமல், அம்மா இன்னும் பொட்டு வைக்கிறார். கணவர் திரும்புவார் என்று நம்பி இழப்பை மறுக்கிறார் என்று எழுதியிருந்தேன்.

பின்னேரம் மேசையைத் துடைக்க வந்த அம்மா அதை வாசித்துவிட்டார்.

"உந்தக் கமலா நான்தானே? ஐம்பத்திரண்டு எண்டு போட்டிருக்கிறாய். நாலு வயசைக் கூட்டிப்போட்டாய், பிள்ளை."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அவர் வருவாரெண்டு நான் உனக்கு எப்ப சொன்னனான்? பொட்டை அழிச்சால், அவர் செத்திட்டாரெண்டு சொன்னது நானெண்டாகும். கொண்டுபோனவை சொல்லட்டும்."

பிறகு குசினிக்குப் போய்ப் புட்டு அவித்தார்.

'மறுப்பு' என்ற பகுதியை முழுவதும் வெட்டிவிட்டு, அம்மா சொன்னதை அப்படியே எழுதினேன். பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கு இந்த ஒப்படையின் புள்ளி வேண்டும். வகுப்பு மிஸ் உளவியல் விளக்கத்துக்குத்தான் புள்ளி போடுவார். அதற்காகக் கீழே அரைப்பக்கம் விட்டேன். இரண்டு மணித்தியாலமாகிறது. அதில் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதாமலே கொடுக்கப்போகிறேன் என்று நினைக்கிறேன்.