பாட்டுக்கு வராத கொண்டைக்குருவிகள்

ஜூலை 8, திங்கள்

சாம்பியன் ரீப்ஸில் ரயில் ஏறி பெங்களூரு வரை இன்றும் நின்றே போனேன். லேபில் என் கைடு மனோகர் சார் என் வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார். இங்கே தங்கச் சுரங்கக் கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டருகே பிடித்த நாற்பது கொண்டைக்குருவி, பேத்தமங்களா ஏரிக்கரையில் பிடித்த நாற்பது. பன்னிரண்டு மரபணு மார்க்கர்களில் மூன்றில், ஏரிக்கரைப் பறவைகள் பலவற்றில் உள்ள ஒரு வடிவம் எங்கள் ஊர்ப் பறவைகளிடம் அநேகமாக இல்லை.

"தனி இனமா பிரிய ஆரம்பிச்சிருச்சும்மா. உன் பிஎச்டி முடிஞ்ச மாதிரிதான்" என்றார். தலைகால் புரியவில்லை எனக்கு.

ஜூலை 10

எதிர் வீட்டுத் தங்கம்மாக்கா வந்தார். மேட்டுத் தூசியை அகற்றச் சொல்லி நானூறு கையெழுத்து வாங்கியவர். மனுவோடு என் வரைபடத்தையும் வைக்கிறாராம். "குருவி ரத்தமே மாறிப்போச்சுன்னா எங்க ரத்தம் இன்னா ஆவும்னு கேக்கப் போறேன், லூயிசா!"

ஜூலை 19

பயமாக இருக்கிறது. எழுதினால் உண்மையாகிவிடுமோ?

கொண்டைக்குருவியில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான். ஏரிக்கரையில் வலையைக் கட்டிவிட்டுச் சும்மா காத்திருந்தேன். இங்கே மேட்டருகே காற்றில் வலை படபடத்ததைக் கண்டு பறவைகள் விலகின, ஒன்றும் விழவில்லை. அதனால் போனில் கொண்டைக்குருவியின் பாட்டை ஒலிக்கவிட்டேன். அந்தப் பாட்டுக்குச் சண்டைபோட ஓடிவருவது யார்? ஆண்கள்.

அந்த வடிவம் பெண் பறவைகளுக்கு மட்டுமே உள்ள குரோமோசோமில் இருப்பதாக இருந்தால்? ஆண்டவரே.

ஜூலை 20

இல்லை. இருக்காது.

ஜூலை 23

ஆணா பெண்ணா என்று காட்டும் மரபணுச் சோதனை போட்டேன். ஆணுக்கு ஒரு கோடு, பெண்ணுக்கு இரண்டு. ஊர்ப் பறவை நாற்பதில் முப்பத்தெட்டுக்கு ஒரே கோடு. மீதி இரண்டிடம் மட்டும் அந்த வடிவம் இருக்கிறது.

புது இனமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பெண்களைப் பிடிக்காமல் விட்டிருக்கேன், அவ்ளோதான். இந்தச் சோதனைப் படத்தை வேற யாரும் பாக்கல. அழிச்சிட்டா? யாருக்குத் தெரியும் — எனக்குத் தெரியுமே!

ஜூலை 26

இன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை சார் கட்டுரையை அனுப்புகிறார். தங்கம்மாக்கா மனு கொடுப்பதும் அன்றைக்குத்தான்.

ஜூலை 28, ஞாயிறு

பூசை முடிந்து நேராகத் தங்கம்மாக்கா வீட்டுக்குப் போனேன். தூசி விழாமல் தண்ணீர் டிரம்முக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப தூசி பொய்யா?"

"தூசி நெசம்க்கா. நான் பண்ணதுதான் தப்பு."

"நாளைக்கு மனு. இப்ப வந்து சொல்றியே!" கதவைச் சாத்திக்கொண்டார்.

சாருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "நாளைக்கு எல்லா டேட்டாவையும் எடுத்துட்டு வா."

ஜூலை 29

சுவரில் வரைபடம் இல்லை, செலோடேப் பிசிறு நாலு மூலையிலும் இருக்கிறது. "மறுபடி புடிக்கணும். ஒரு வருஷம் போயிடும்" என்றார் சார். திட்டவே இல்லை. அதுதான் இன்னும் பயம்.

அக்கா வரைபடம் இல்லாமலே மனு கொடுத்துவிட்டு வந்தாராம். வழியில் என்னைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் தாண்டிப் போனார்.

மார்ச் 16, ஞாயிறு

மேட்டருகே பாட்டுப் போடாமல் வலை கட்டினேன். இந்தமுறை வித்தியாசமே இல்லாமல் போனால்? பயம் போனபாடில்லை. எட்டு மணிக்குக் காற்று எழுந்தது, வலை படபடக்கத் தொடங்கியது. பின்னால் செருப்புச் சத்தம். தங்கம்மாக்கா. வலையின் எதிர்க் கம்பை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாத்துக்கு என்னையே பாக்கறே? இந்த தபா பொட்டையையும் புடி."