உச்ச விலை

கிள்ளான், 3.10.2025

தனேஷுக்கு,

நேற்று நம் கடையின் ஃபேஸ்புக் பக்கத்தில் நீ ஒரு வீடியோ போட்டாய். சரவாக் கடலில் இருக்கும் பாறைத்திட்டு நம் மலேசியாவுடையது, சீனக் கப்பல் வந்தால் சுட்டுத் தள்ள வேண்டும் என்று ஒரே கத்தல். உன் பக்கம் என்று நினைத்துக் கடைப் பக்கத்தில் ஏற்றிவிட்டாயாம். கீழே ஒரு அக்கா, "பாஸ், குத்துவிளக்கு என்ன விலை?" என்கிறார். இன்னொருவன் பக்கத்துக் கடை லிம் அங்கிளைப் பேர் சொல்லி, "உன் நாட்டுக்குப் போ" என்கிறான். சீனர் என்றாலும் அவர் கிள்ளானில் பிறந்தவர்டா! காலையில் என் முகத்தைப் பார்க்காமல் ஷட்டரைத் தூக்கினார்.

திட்டினால் என்னை வாட்ஸ்அப்பில் பிளாக் செய்கிறாய். அதனால்தான் லோரியில் வரும் முறுக்கு டின்னுக்குள் இந்தக் கடிதம். நீ போட்ட சண்டையெல்லாம் போன் கேமில்தான். சுடச் சொல்கிறவன் முதலில் போய்த் துப்பாக்கி பிடிக்கட்டும். முடியுமா? இல்லையென்றால் வீடியோவை எடு.

அப்பா


பாங்கி, 6.10.2025

அன்புள்ள அப்பா,

முறுக்கு நமுத்துவிட்டது, இருந்தாலும் காலி. லிம் அங்கிளை அப்படி எழுதியதை நான் பார்க்கவே இல்லை. வீடியோவை எடுத்துவிட்டேன்.

ஆனால் கேம் ஆடிக் கெட்டேன் என்று சொல்லாதீர்கள். இங்கே சேர்ந்ததிலிருந்து "நீ இந்தியாவில் எந்த ஊர்?" என்று கேட்டவன்களே, வீடியோ பார்த்துவிட்டு "இவன் நம்ம ஆள்லா" என்று தோளில் கை போட்டான்கள். எனக்கு அது பிடித்திருந்தது அப்பா.

நீங்கள் கேட்டதும் நியாயம்தான். பல்கலைக்கழகத்தில் கடற்படைத் தொண்டர் பயிற்சிக்குப் பேர் கொடுத்துவிட்டேன். உங்கள் கையெழுத்து வேண்டும். விண்ணப்பப் பாரத்தை டின்னில் வைத்திருக்கிறேன்.

தனேஷ்


கிள்ளான், 9.10.2025

தனேஷு,

"வாய்ச்சவடால் விட்டது நீங்க, போகப்போறது என் பிள்ளையா?" என்று கேட்டதோடு சரி, உன் அம்மா என்னோடு பேசுவதில்லை. நேற்று நீ கூப்பிட்டபோதும் போனை என் கையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கடையில், வாங்கமாட்டான் என்று தெரிந்த ஆளிடம்தான் நான் உச்ச விலை சொல்வேன். துப்பாக்கி பிடி என்று எழுதியதும் அப்படித்தான். நீ "சரி, கட்டுங்க" என்று நிற்கிறாய். உன் தாத்தா ரவாங்கில் தண்டவாளம் போட்டே செத்தார். அப்புறமும் நம்ம ஆள் என்று சொல்ல இவன்களுக்கு உன் வயசுப் பிள்ளையும் வேண்டுமா? எரிச்சல் தாங்கவில்லை எனக்கு.

ஆனாலும் சொன்ன விலையிலிருந்து நான் இறங்கினதில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன். போனில் நீ ஒத்துக்கொண்டதை எழுத்திலும் வைக்கிறேன்: படிப்பை விடக்கூடாது. சனிக்கிழமை லிம் அங்கிள் கடையில் வந்து உட்கார்ந்து பேசவேண்டும். பயிற்சிக்கு எங்கே அனுப்பினாலும், கிளம்புமுன் அம்மாவிடம் நேரில் சொல்லவேண்டும். என் பிளாக்கை இன்றே எடுக்கவேண்டும்.

இதில் குறைப்பு கிடையாது.

அப்பா