பதினேழாவது படம் திறக்கும் வரை

அனுப்புநர்:
மீராசாகிபு ஜமால்தீன்,
உரிமையாளர், ஜொஹறா தொலைத்தொடர்பு நிலையம்,
பிரதான வீதி, நெளுக்குளம்,
வவுனியா.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
இடமாற்றப்பட்ட நோயாளர் படப் பதிவகம்,
கொழும்பு.

பொருள்: பதிவகத்தின் இணையத்தளத்திலுள்ள படங்கள் மெதுவான இணைப்பிலும் கைத்தொலைபேசியிலும் திறக்காதிருத்தல், அதனால் ஒரு குடும்பத்துக்கு நேர்ந்தது, உடனடித் திருத்தம் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. இந்த மனுவைக் கோபத்தில் மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நான்காவது. இதிலும் எங்காவது ஒரு சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளும்படி முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

2. தங்கள் பதிவகம் கடந்த ஓகஸ்ட் மாதம் ஆரம்பித்த இணையத்தளம் நல்ல நோக்கம் கொண்டது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சண்டையின் கடைசி மாதங்களில் காயப்பட்டு, கப்பலிலும் அம்புலன்ஸிலும் வெளிமாவட்ட வைத்தியசாலைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, உறவினர் எங்கே என்று தெரியாமல் கிடக்கும் அறுநூற்றுப் பன்னிரண்டு பேரின் படங்களை ஒரே இடத்தில் போட்டிருக்கிறீர்கள். தங்கள் அறிவித்தலை என் கடைச் சுவரில் நானே ஒட்டினேன். வந்தவர் போனவர் எல்லோருக்கும் வாசித்தும் காட்டினேன்.

3. என் கடையில் இரண்டு கணினிகளும், கூரையில் அன்ரனா பூட்டிய ஒரு சிடிஎம்ஏ தொலைபேசி இணைப்பும் உண்டு. இந்தப் பகுதியில் இதைவிட நல்ல இணைப்பு யாரிடமும் இல்லை. நல்ல நேரத்தில் ஒரு விநாடிக்கு ஐந்து கிலோபைட் வரும். கெட்ட நேரத்தில் எதுவும் வராது.

4. தங்கள் தளத்தின் முதற்பக்கத்தில் மங்கல விளக்கேற்றும் படம் ஒன்று இருக்கிறது. அதில் ஒன்பது பெரியவர்கள் நிற்கிறார்கள். அவர்கள் எல்லோரும் வந்து நின்று முடிய எங்கள் இணைப்பில் நான்கு நிமிடம் செல்கிறது. அதற்குப் பிறகுதான் பெயரின் ஆங்கில முதலெழுத்துகள் வரும். எழுத்தை அழுத்தினால் அந்த எழுத்துக்குரிய படங்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் வரத் தொடங்கும். திரையில் முத்திரை அளவில்தான் தெரிகின்றன. ஆனால் இறங்குவது கமராவில் எடுத்த முழுப் படம். ஒவ்வொன்றும் மூன்று மெகாபைட். ஒரு படத்துக்குப் பத்து நிமிடம், அதுவும் இணைப்பு அறாமல் இருந்தால். அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. கைத்தொலைபேசியில் பார்க்க முயன்றவர்களுக்கு நினைவகம் போதாது என்று ஒரு வரி மட்டும் வருகிறது.

5. இதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. நோயாளியின் பெயர், வைத்தியசாலை, தொலைபேசி இலக்கம் மூன்றையும் தாங்கள் எழுத்தாகப் போடவில்லை. படத்தின் அடியில் படத்தோடு படமாகப் பதித்திருக்கிறீர்கள். ஆகையால் பெயரைத் தட்டித் தேட முடியாது. படமோ மேலிருந்து கீழாகத்தான் திறக்கும். முதலில் சுவர், பிறகு தலைமுடி, பிறகு நெற்றி. யார், எங்கே என்பது கடைசி நிமிடத்தில்தான் வரும்.

6. செப்டெம்பர் ஏழாம் திகதி திருமதி அழகம்மா என்பவர் என் கடைக்கு வந்தார். வயது அறுபத்தொன்று. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத்திலிருந்து வந்து வட்டக்கச்சியில் குடியேறிய குடும்பம். கணவரும் இவருமாகக் காடு வெட்டி இரண்டு ஏக்கர் வயல் செய்தவர்கள். கணவரின் பெயர் பெருமாள் சுடலைமுத்து, வயது அறுபத்தாறு. ஏப்ரல் மாதம் வயிற்றில் காயப்பட்டவரைக் கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள். இடமில்லை என்று இவர் கரையில் நிறுத்தப்பட்டார். பிறகு செட்டிகுளம் முகாமில் இருந்து, முதியவர் என்பதால் ஜூலையில் விடப்பட்டு, நெளுக்குளத்தில் தங்கை வீட்டில் தங்கியிருக்கிறார். கணவரின் பெயரை அவர் வாயால் சொல்வதில்லை. தன் முகாம் அட்டையை நீட்டி, அதில் தன் பெயருக்கு முன்னால் இருந்த பெயரை விரலால் தொட்டுக் காட்டினார். சுடலைமுத்து அழகம்மா என்று இருந்தது. நான் எஸ் எழுத்தை அழுத்தினேன்.

7. எஸ் எழுத்தில் தொண்ணூற்று நான்கு படங்கள். பக்கத்தை முழுதாகத் திறக்க விட்டால் எல்லாப் படமும் ஒன்றையொன்று இழுத்து ஒன்றும் வராது என்று கண்டு, ஒவ்வொன்றாகத் திறந்தேன். அது நோன்பு காலம். பிற்பகலில் எனக்குக் கண் மங்கும். அவரோ காலையில் வந்து கதிரையில் உட்கார்ந்தால் கடை பூட்டும் வரை எழும்பமாட்டார். ஒவ்வொரு படம் தொடங்கும்போதும் முன்னால் சாய்ந்து, என்னை அண்ணன் முறையில் அழைத்து, “நானா, நெத்தி வந்திருச்சு. கண்ணு வரட்டும், கண்ணப் பாத்தாச் சொல்லிருவேன்” என்பார். கண் வரும். இல்லை என்று தலையாட்டுவார். அடுத்ததைத் தொடங்குவேன். ஒரு படத்தில் வட்டக்கச்சியில் தன் பக்கத்து வளவுக்காரர் ஒருவரை அடையாளம் கண்டு, அவருடைய மகளுக்குச் சொல்லியனுப்பினார். அந்தக் குடும்பம் இப்போது ஒன்றாக இருக்கிறது. தங்கள் தளத்தால் நடந்த நன்மையையும் சொல்லத்தானே வேண்டும்.

8. பத்தாம் திகதி தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். பேசிய சகோதரி மரியாதையாகத்தான் கதைத்தார். “எங்களுக்கு வடிவா வருதே, உங்கட கொம்பியூட்டரை ஒருக்காத் திருத்திப் பாருங்கோ” என்றார். பெயரைச் சொல்கிறேன், இருக்கிறாரா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டேன். தொலைபேசியில் விபரம் கொடுக்க அனுமதியில்லை, தளத்தில் பார்க்கவும் என்றார். அவர்மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. தங்கள் கட்டடத்தில் வேகமான இணைப்பு இருக்கும். அங்கே அந்த ஒன்பது பெரியவர்களும் கண் மூடித் திறப்பதற்குள் வந்து நின்றுவிடுவார்கள். அங்கிருந்து பார்ப்பவருக்கு இங்குள்ள நிலைமை எப்படித் தெரியும்?

9. பதினெட்டாம் திகதி தொண்ணூற்று நான்காவது படமும் முடிந்தது. அவர் அதில் இல்லை. அழகம்மா முந்தானையால் திரையைத் துடைத்துவிட்டுப் போனார். திரையில் தூசு எதுவும் இருக்கவில்லை.

10. இனி எழுதுவது என் பிழை. நோன்புப் பெருநாளுக்கு மறுநாள், இருபத்திரண்டாம் திகதி, இணைப்புக் கம்பனியிடமிருந்து பெருநாள் வாழ்த்து அட்டை ஒன்று வந்தது. திரு. மீராசாகிபு அவர்களுக்கு என்று போட்டிருந்தது. அது மௌத்தாகி இருபது வருடமான என் வாப்பாவின் பெயர். விண்ணப்பத்தில் முதற்பெயர் என்று கேட்ட இடத்தில் அவருடைய பெயரை எழுதியவன் நான்தான். எங்கள் வழக்கத்தில் முதலில் எழுதுவது தகப்பன் பெயரைத்தானே. வருடாவருடம் அந்த அட்டையைப் பார்த்து வீட்டில் எல்லோரும் சிரிப்போம். இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை. அட்டையைக் கையில் பிடித்தபடி அழகம்மாவின் தங்கை வீட்டுக்கு ஓடி, சுடலைமுத்துவின் தகப்பன் பெயர் பெருமாள் என்று கேட்டறிந்துகொண்டு கடைக்குப் போனேன்.

11. சுடலைமுத்து என்பவரும் வைத்தியசாலைப் படிவத்தில் முதற்பெயர் என்ற இடத்தில் தன் தகப்பன் பெருமாளின் பெயரைத்தான் சொல்லியிருக்கிறார். தங்கள் பதிவகம் அவரைப் பி எழுத்தில் சேர்த்திருக்கிறது. தமிழர்களில் பாதிப் பேர் இப்படித்தான் எழுதுவார்கள் என்பதைத் தாங்கள் கவனித்திருக்கலாம். அழகம்மாவின் அட்டையில் கணவர் பெயர் முன்னால் இருந்ததைக் கண்ணால் கண்ட பிறகும் நான் யோசித்திருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை. ஆனால் ஐயா, பெயர் எழுத்தாக இருந்திருந்தால் எந்தப் பெயர் முன்னால் நின்றாலும் ஒரு நிமிடத்தில் அகப்பட்டிருப்பார். படமாவது சிறிதாக இருந்திருந்தால் இருபத்தாறு எழுத்துகளையும் ஒரே பகலில் பார்த்து முடித்திருப்போம். இரண்டும் இல்லாததால் ஒரு எழுத்தை மட்டும் நம்பிப் பன்னிரண்டு நாள் உட்கார்ந்தோம்.

12. இருபத்துமூன்றாம் திகதி பி எழுத்தில் பதினேழாவது படம் திறந்தது. புருவத்தில் பழைய வெட்டுத் தழும்பு தெரிந்ததுமே அழகம்மா எழுந்து நின்றுவிட்டார். கண் வந்தது, மூக்கு வந்தது. “மெலிஞ்சி போயிட்டாக” என்று மட்டும் சொன்னார். வாய் வருவதற்குள் மின்சாரம் நின்றது. எந்த வைத்தியசாலை, எந்த இலக்கம் என்பது படத்தின் அடியில் இருந்தபடியால் அன்று எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. இருந்தும் அவர் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார். கொண்டுபோகச் சாரமும் சேர்ட்டும் தோய்த்துக் காயப்போட்டதாகத் தங்கை சொன்னார்.

13. மறுநாள் காலை படம் முழுமையாகத் திறந்தது. அதிலிருந்த இலக்கத்துக்கு அழைத்தேன். பெருமாள் சுடலைமுத்து செப்டெம்பர் பதினாறாம் திகதி காலமாகிவிட்டார் என்றும், உரிமை கோர யாரும் வராததால் பத்தொன்பதாம் திகதி அரச செலவில் அடக்கம் செய்யப்பட்டார் என்றும் சொன்னார்கள். பக்கத்தில் நின்ற அழகம்மாவுக்கு அதைச் சொன்னவன் நான்தான். அழகம்மா என் கடைக்கு முதன்முதல் வந்த நாளில் அவர் உயிரோடு இருந்தார். அதன் பிறகும் ஒன்பது நாள் இருந்தார். பேருந்தில் ஒரு இரவும் அரைப் பகலும் போனால் அந்த வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

14. நான் நட்டஈடு கேட்கவில்லை. யாரையும் தண்டிக்கச் சொல்லவுமில்லை. தளத்தில் இன்னும் நூற்றுக்கணக்கான முகங்கள் இருக்கின்றன. அவர்களைத் தேடுகிறவர்கள் என் கடையிலும், என் கடையைப் போன்ற கடைகளிலும் காத்திருக்கிறார்கள். அவர்களுக்காகத் தாழ்மையுடன் கேட்பது இவ்வளவுதான்:

அ) பெயர், தகப்பன் பெயர், ஊர், வைத்தியசாலை, தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்தாகவே போடுங்கள். எழுத்துக்குப் பாரமில்லை. படம் வராவிட்டாலும் எழுத்து வந்துவிடும்.

ஆ) படங்களைச் சுருக்கிப் போடுங்கள். இத்துடன் ஒரு குறுந்தட்டு இணைத்துள்ளேன். அதில் மேற்படி பதினேழாவது படத்தை நாற்பத்தொரு கிலோபைட்டாகச் சுருக்கி வைத்திருக்கிறேன். இதற்கான மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. எனக்கு மூன்று நிமிடம் பிடித்தது. தழும்பு தெரிகிறது, கண் தெரிகிறது, பெற்ற தாய்க்கும் கட்டிய மனைவிக்கும் அது போதும். இப்படிச் சுருக்கினால் ஒரு படம் எட்டு விநாடியில் திறக்கும். அறுநூற்றுப் பன்னிரண்டு படங்களும் சேர்ந்தால்கூடத் தங்களுடைய இப்போதைய ஒன்பது படங்களின் பாரம் வராது. பெரிய படம் வேண்டுமென்பவர் அழுத்திப் பார்க்கட்டும்.

இ) விளக்கேற்றும் படத்தை வேறு பக்கத்துக்கு மாற்றுங்கள்.

ஈ) தளத்தைத் திருத்திய பிறகு, பொறுப்பான ஒருவர் ஒரு சாதாரண கைத்தொலைபேசியுடன் வவுனியாவுக்கு வந்து, எங்களோடு உட்கார்ந்து அதைத் திறந்து பார்க்கட்டும். கதிரையும் தேநீரும் என் பொறுப்பு.

15. இன்னொரு விடயத்தை எழுதுவதா விடுவதா என்று மூன்று மனுவிலும் தயங்கி விட்டுவிட்டேன். படம் முழுதாகத் திறந்தபோது, தாங்கள் அடியில் பதித்த எழுத்துகளுக்கு மேலே, சுடலைமுத்து தன் நெஞ்சின்மேல் ஒரு கடதாசியைப் பிடித்திருப்பது தெரிந்தது. தமிழில், கை நடுங்கி எழுதிய எழுத்து. “மனைவி அழகம்மா. நெளுக்குளம் சந்தி, தங்கச்சி வீட்டுல இருப்பா. சொல்லி விடுங்க.” படம் எடுத்தவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமல் இருந்திருக்கலாம். அதைத் தளத்தில் ஏற்றியவர் முத்திரை அளவில் மட்டும் பார்த்திருக்கலாம். சுடலைமுத்து எழுதிய விலாசம் ஒரு மாதமாகத் தங்கள் தளத்தில் கிடந்திருக்கிறது. அந்த வீடு என் கடையிலிருந்து மூன்றாவது வளவு.

16. அழகம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. “அவுக கையில என்ன எழுதியிருக்கு நானா?” என்று கேட்டார். ஆஸ்பத்திரிக் கட்டில் இலக்கம் என்று சொல்லிவிட்டேன். நோன்பு முடிந்து நான்காம் நாள் நான் சொன்ன பொய் அது. பிறகு அவர் ஒரு பிரதி கேட்டபோது, தங்கையின் பிள்ளைகள் வாசித்துவிடுவார்களே என்ற பயத்தில், படத்தை அச்சிட்டு, கழுத்தளவில் வெட்டிக் கொடுத்தேன். வீட்டில் இருந்த மற்றப் படங்களெல்லாம் வட்டக்கச்சியோடு போய்விட்டன. அவரிடம் இப்போது இருப்பது இந்த ஒன்றுதான். கீழ்ப்பாதி என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

17. அதை நான் நெடுநாள் வைத்திருக்க முடியாது. அது அவருக்கு அவருடைய புருஷன் எழுதிய கடிதம். ஒருநாள் கையில் கொடுத்து, வாசித்துக் காட்டி, பொய் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்கத்தான் வேண்டும். அவரை எனக்கு இப்போது தெரியும். அழுவார். அழுது முடித்து, எங்களுக்குப் பக்கத்தில் காத்திருக்கும் மற்றவர்களைக் காட்டி, இவங்களுக்காவது சரி பண்ணிட்டாங்களா நானா என்று கேட்பார். இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அந்தக் கேள்விக்கு நான் ஓம் என்று சொல்லக்கூடிய விதமாகத் தாங்கள் விரைந்து நடவடிக்கை எடுத்து, எடுத்ததை ஒரு வரியில் எனக்கு அறியத்தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்கள் கடிதம் வரும்வரை அந்த லாச்சியை நான் திறக்கமாட்டேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
மீ. ஜமால்தீன்
(மீராசாகிபு தகப்பனார் பெயர். பதில் எழுதும்போது ஜமால்தீன் என்றே விலாசமிடவும்.)

இடம்: நெளுக்குளம்
திகதி: 12 ஒக்டோபர் 2009

இணைப்பு: குறுந்தட்டு ஒன்று