சிரிக்கக் கூடாத அட்டைப்படம்

ஃப்ளீட்வுட்,
மே மாதம், ஞாயிறு மதியம்

அன்புள்ள ஸ்டூவர்ட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் தங்கையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மெகனும் கனடாவில் அந்தக் கால்கரிக் குளிரைத் தாண்டி நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ கூப்பிடும்போதெல்லாம் காரில் இருக்கிறாய், எனக்கோ அவசரமாகப் பேசினால் சொல்ல வந்தது மறந்துபோகிறது. போன வாரக் காற்றில் பின்வேலிப் பலகை இரண்டு பிடுங்கிக்கொண்டு விழுந்துவிட்டன, நானே ஆணி அடித்து நிறுத்தினேன், கோணலாகத்தான் நிற்கிறது. பள்ளிக்கூடச் சமையலறையில் இந்த வருடமும் என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்.

விஷயம் டெஸ்ஸாவைப் பற்றியது. கல்லூரியில் அவளுக்கு ஊடகப் பாடத்தில் ஓர் இசைப் பத்திரிகை தயாரிக்கச் சொன்னார்கள், அட்டை, பொருளடக்கம், நடுவில் இரண்டு பக்கத்துக்கு ஒரு பேட்டி. இவள் ராக் இசைப் பத்திரிகை எடுத்துக்கொண்டாள். கடையில் விற்கிற பத்திரிகைகளையெல்லாம் வாங்கி வந்து தரையில் பரப்பிப்போட்டு வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்பு, சிவப்பு, வெள்ளை தவிர வேறு நிறம் வரக்கூடாதாம். பெயர் மேலே சுவரில் கீறினமாதிரி எழுத்தில் இருக்க வேண்டுமாம், அட்டையில் நிற்கிறவரின் தலை அந்தப் பெயரைக் கொஞ்சம் மறைக்க வேண்டுமாம், விலையும் கோடு கோடான பார்கோடு கட்டமும் மூலையில். இதெல்லாம் எதற்கு, உனக்குப் பிடித்தமாதிரி செய்யேன் என்றேன். "பாத்த உடனே இது ராக் பத்திரிகைன்னு தெரியணும்மா, அது தெரிஞ்சாத்தான் கையில எடுப்பாங்க, அதுக்கப்புறம்தான் நம்ம சரக்கு" என்றாள். யாரிடம் கற்றாளோ, பேச்சில் உன் அப்பாதான்.

அட்டையில் நிற்கப்போவதும் உன் அப்பாதான் என்று ஏற்பாடு. சனிக்கிழமைகளில் மதுக்கடைகளில் கிட்டார் வாசித்த ஆள்தானே, பல வருடம் கழித்து மேடைக்குத் திரும்பும் பழைய ராக்கர் என்று கதை கட்டியிருந்தாள். பிளாக்பூலில், நம்மை விட்டுப் போய் அவர் இருக்கும் பாலீன் வீட்டிலிருந்து டிராமில் ஏறினால் வந்துவிடலாம், வருகிறேன் என்று இரண்டு தடவை சொல்லியிருந்தார். ஈஸ்டருக்கு இரண்டு வாரம் முந்தைய சனிக்கிழமை நாங்கள் இருவரும் கடற்கரைச் சுவரோரம் கேமராவோடு நின்றோம். டிராம்கள் வந்து வந்து போயின. கடைசியில் அவரிடமிருந்து டெஸ்ஸாவுக்குத் தொலைபேசி வந்தது, பாலீனின் அக்கா வந்திருக்கிறாளாம், "அடுத்த வாரம் பாத்துக்கலாம் கண்ணு" என்றாராம். திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டிய வேலை. டெஸ்ஸா அழவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவருக்காக எடுத்து வந்திருந்த பழைய தோல் சட்டையை என் கையில் கொடுத்து, "நீ போட்டுக்கோம்மா" என்றாள்.

எனக்கு கிட்டார் பிடிக்கவே தெரியாது என்றேன். பிடித்தால் போதும், வாசிக்க வேண்டாம் என்றாள். நான் பழக்கத்தில் சிரித்துவிட்டேன். "சிரிச்சா அது பாப் பத்திரிகை ஆயிடும். கேமராவ நேராப் பாரு, வாங்கறவங்க கண்ணப் பாக்கறமாதிரி" என்றாள். பார்த்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. அவள் ஒரு படம் எடுத்துவிட்டு கேமராவிலேயே வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், இன்னொன்று எடுக்கவில்லை.

மறுநாள் சமையல் மேசையில் பேட்டி. அவள் நிருபர், நான் ராக்கர். முதலில் இருவருக்கும் ஒரே சிரிப்பு, குடித்துவிட்டுத் தொலைக்காட்சியை ஜன்னல் வழியாக எறிந்தேன் என்றெல்லாம் அளந்தேன். பிறகு, கச்சேரி முடிந்து எல்லாரும் போன பிறகு என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். நான் யோசிக்காமல், "சாப்பிட்டுத் தட்டக் கழுவுவேன். ஒரே தட்டுதான், சீக்கிரம் முடிஞ்சிடும், அதனால மெதுவாக் கழுவுவேன்" என்று சொல்லிவிட்டேன். அவள் எழுதுவதை நிறுத்தினாள். அப்புறம் அதையும் எழுதினாள். அவள் மாலையில் மீன் வறுவல் கடைக்கு வேலைக்குப் போகிற நாட்களில் நான் தனியாகத்தான் சாப்பிடுகிறேன், உனக்குத் தெரியுமே.

இந்தப் புதன்கிழமை மாணவர்கள் செய்ததையெல்லாம் கல்லூரிக் கூடத்தில் மாட்டி வைத்தார்கள். என் முகம் சுவரில் அத்தனை பெரிதாக. கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம்தான், ஆனால் இப்படி இருக்கிறதென்று எனக்கே தெரியாது. அவளுடைய ஆசிரியர் ஹோல்ராய்ட் வந்து கைகொடுத்து, வகுப்பிலேயே நல்ல அட்டை இதுதான் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "டெஸ்ஸா கிளாஸ்கோ வேண்டாங்கறாளே, வீட்ல பேசினீங்களா" என்றார். பத்திரிகை வடிவமைப்புப் படிக்க அங்கே இடம் கிடைத்திருக்கிறது, ஸ்டூவர்ட். அவள் என்னிடம் சொல்லவே இல்லை. பக்கத்து ஊரில் ஏதோ ஒரு படிப்பில் சேர்ந்து வீட்டிலிருந்தே போய்வரப் போகிறாளாம்.

வீட்டுக்கு வந்ததும், கிளாஸ்கோ ஏன் வேண்டாமென்று கேட்டேன். "அந்தப் படத்த நான்தானேம்மா எடுத்தேன், நீ எப்படி இருக்கேன்னு எனக்குத் தெரியாதா" என்றாள். அது நடிப்பு, நீ சொன்னமாதிரி நின்றேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பொய் வரவில்லை. "ஆமா, தனியாத்தான் இருக்கேன், நீ போனா இன்னும் தனியா இருப்பேன்" என்றேன். "ஆனா அது எனக்கும் உங்கப்பாவுக்கும் நடந்தது. நீ இங்கயே இருந்தா எனக்குச் சரியாயிடாது. நீ இந்த வீட்ல உக்காந்து என் மூஞ்சியவே பாத்துட்டிருப்ப, நான் தினமும் உனக்காகச் சிரிக்கணும். அது என்னால முடியாது கண்ணு" என்றேன். அவள் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கீழே உட்கார்ந்திருந்தேன், உன்னைக் கூப்பிடலாமா என்று நினைத்தேன், நீ வேலையில் இருப்பாய் என்று விட்டுவிட்டேன்.

நேற்றுக் காலை அவள் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்து கிளாஸ்கோவுக்குச் சம்மதம் என்று அழுத்தினாள். அழுத்திவிட்டு அழுதாள். நான் தேநீர் போட எழுந்து போனேன், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க எனக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. செப்டம்பரில் போகிறாள்.

உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். அவள் கிளாஸ்கோவிலிருந்து உன்னைக் கூப்பிட்டு அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்பாள். நன்றாக இருக்கிறாள் என்று மழுப்பாதே, அவள் நம்ப மாட்டாள். வெளியே போகிறாள், வேலைக்குப் போகிறாள், வீடு அமைதியாக இருக்கிறது என்று உள்ளதைச் சொல். உன் அப்பாவிடம் நீ சண்டைக்குப் போக வேண்டாம். மெகனுக்கு என் அன்பு. இருமல் இருந்தால் இழுத்தடிக்காமல் டாக்டரைப் பார். நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். அடுத்த முறை காரில் ஏறும் முன்பே, வீட்டில் உட்கார்ந்து கூப்பிடு, எனக்கு நிறைய நேரம் இருக்கிறது.

அன்புடன்,
உன் அம்மா
ஹேசல்